கிளிப்பச்சை ஷூவும் பதினைந்து நாற்காலிகளும்

எனக்குச் சர்க்கரை வந்தபோது அதிகம் சந்தோஷப்பட்டவர் என் மாமனார்.

அவருக்குப் பத்து வருஷமாக இன்சுலின். அடுத்த தெருவில் தனியாக இருந்தார். பிரிட்ஜ் வாங்கினால் தொண்டை கட்டும் என்று ஒரு கொள்கை வைத்திருந்ததால், அவருடைய மருந்துக் குப்பிகள் எங்கள் பிரிட்ஜில்தான் இருந்தன. எங்கள் வீட்டில் முட்டை புழங்குவதில்லை. ஆகவே கதவில் முட்டைக்காக ஆறு குழிகளோடு வந்த தட்டு அவருக்கென்றே செய்ததுபோல் அமைந்தது. இரண்டு குழிகளில் குப்பிகள்; பாக்கி நாலும் காலி. தினமும் காலை ஏழு மணிக்கு வருவார். குப்பியை எடுத்து இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து உருட்டுவார். வேட்டியைச் சற்று இறக்கி, வயிற்றில் ஒரு மடிப்பைப் பிடித்துக்கொண்டு, பார்வையாளர்கள் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். நான் அந்த நேரத்தில் பின்கட்டில் வாழைக் குலை எத்தனை சீப்பு தள்ளியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன். தினமும் எண்ணுவேன். ஊசி என்றால் எனக்கு அப்படி ஒரு பயம்.

நான் நூலகத்தில் வேலை பார்த்தவன். உட்கார்ந்திருப்பதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. நானும் மனசாட்சியோடு உட்கார்ந்திருந்தேன். இருபது வருஷம் அப்படி உட்கார்ந்ததன் பலன் இரத்தப் பரிசோதனைத் தாளில் தெரிந்தது. மருத்துவர் சின்ன வயசுக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் சிதறால் மலை மேல் ஓடியே ஏறி ஓடியே இறங்குகிறவர். பாறைக்குள் சமண முனிவர்கள் அசையாமல் அமர்ந்து முக்தி தேடிய மலை அது. நான் முனிவர்கள் கட்சி.

மூன்று மாதம் அவகாசம் தந்தார். நடந்தால் போதாது, ஓட வேண்டும். அதற்குள் சர்க்கரை இறங்காவிட்டால் ஊசிதான் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமனார் எழுந்து போய் பிரிட்ஜைத் திறந்தார். மூன்றாவது குழியை வேட்டி நுனியால் துடைத்தார்.

“இது ஒமக்கு மாப்பிளே. ரெண்டு பேருமா சேந்து குத்திக்கிடலாம்” என்றார். பேச்சுத்துணை கிடைத்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் ஓடினேன். காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் மடித்துக்கட்டிய வேட்டி. ஓடுவதற்குத் தனியாக ஏதாவது போட வேண்டும் என்று தோன்றவில்லை.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாவுச் செய்தியை நாங்கள் துட்டி என்போம். துட்டியை ஆள் நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் வந்துவிட்ட பிறகும் இந்த விஷயத்தில் மாற்றமில்லை. போனில் சொன்னால் மதிக்கவில்லை என்று சொல்லி வரமாட்டார்கள், இருபது வருஷம் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். சொல்லப் போகிறவன் விடிகாலையில் போவான். கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு போவான். வழியில் யாரோடும் நின்று பேசமாட்டான். சாதாரணமாக, இறந்தவருக்கு மருமகன் முறை வருகிறவன்தான் போவான்.

நான் பாசனச் சானல் கரையில் முந்நூறு அடி ஓடியிருப்பேன். பின்னால் பைக்கில் வந்தவர் வண்டியை என் வேகத்துக்குக் குறைத்தார். எங்கள் தெருவில் உரக்கடை வைத்திருப்பவர். நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக நிற்பார்.

“என்னவே, ஆரு?” என்றார்.

எனக்கு வாயைத் திறந்தால் மூச்சு மட்டும்தான் வந்தது.

“மாமாவா?”

இப்போது பேச முடியாது, பிறகு சொல்கிறேன் என்பதற்காக இரண்டு கையையும் விரித்தேன். விரித்த கையோடு வேறு ஓடினேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். வண்டியில் பின்னால் கேறி உட்காரச் சொன்னார். தலையை ஆட்டி மறுத்தேன். மத்த வீடுகளுக்கு நீரு போம், ஊருக்குள்ள நான் பாத்துக்கிடுதேன் என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். எதைப் பார்த்துக்கொள்வார் என்று யோசிக்கிற அளவுக்கு என் மூளைக்கு இரத்தம் போகவில்லை.

நாற்பது நிமிஷம் கழித்து, பாதி ஓட்டமும் பாதி நடையுமாகத் திரும்பி வந்தேன். மாமனார் வீட்டு முன்னால் ஒரு டெம்போ நின்றது. பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் முற்றத்தில் வரிசையாகப் போட்டாகிவிட்டது. ஏழெட்டு ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்கள். எதிர்வீட்டு அத்தை அழுதுகொண்டே படியேறியவள், உள்ளே இறந்தவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பதைக் கண்டு, அழுகையை நிறுத்தாமலே ரெண்டு கொத்துக் கறிவேப்பிலை கேட்டிருக்கிறாள். அவரும் எழுந்து பறித்துக் கொடுத்திருக்கிறார்.

நான் போனபோது அவர் முதல் வரிசையில், நடு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“மாப்பிளே, நான் எத்தன மணிக்குச் செத்தேன்?”

நான் கடைசி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் மூச்சு வந்து சேரவில்லை.

நாற்காலிக்காரர் மட்டும் சங்கடப்பட்டார். துட்டிக்கு என்று இறக்கியதை உடனே ஏற்றக்கூடாதாம். ஒரு பொழுதாவது கிடக்க வேண்டுமாம். ஆகவே அன்று முழுக்க மாமனார் நாற்காலி மாற்றி நாற்காலி உட்கார்ந்துகொண்டிருந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்களைத் தானே வரவேற்றார். சாயங்காலம் பதினாலு நாற்காலிகள் போயின. ஒன்று எப்படியோ எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. ராசியான நாற்காலி என்று அவர்தான் கொண்டுவந்திருக்க வேண்டும்.

ராத்திரி சாப்பாட்டின்போது தீர்ப்புச் சொன்னார். “ஷூ வாங்கும். ஷூ போட்டுட்டு ஒருத்தனும் துட்டி சொல்லப் போகமாட்டான்.”

யோசித்துப் பார்த்தால், ஷூ எதற்கு என்பதற்கு அதைவிடத் தெளிவான காரணத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நூலகத்தில் விளையாட்டுப் பிரிவில் இருந்த நான்கு புத்தகங்களையும், பழைய பத்திரிகைகளையும் ஒரு வாரம் புரட்டினேன். பொழுதைப் போக்கி ஓட்டத்தைத் தள்ளிப்போட அதுவும் ஒரு வழி. பாதத்தை நனைத்துக் காகிதத்தில் மிதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒன்றில் இருந்தது. மிதித்தேன். நடுவில் வளைவு இருக்க வேண்டிய இடத்திலும் ஈரம் ஒரேபோல் பரவியிருந்தது. மாமனார் அந்தக் காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது காலா, தோசைக்கல்லா என்று கேட்டார். தட்டைப் பாதம். உள்பக்கம் தாங்கல் உள்ள ஷூதான் வேண்டும் என்று போட்டிருந்தது.

விலை வரம்பை என் மனைவி போட்டாள். ஆயிரத்து ஐநூறு, அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. நான் பாதத்தின் அமைப்பு பற்றி ஆரம்பித்தேன். அவள் பரணைக் கைகாட்டினாள். பரணில் நான் யோகாவுக்கு வாங்கிய பாய், தாண்டுவதற்கு வாங்கிய கயிறு, தொப்பையைக் குறைக்க வாங்கிய பெல்ட் எல்லாம் சாக்கில் சுற்றிக் கிடந்தன.

“அங்க இன்னும் எடம் கெடக்கு. ஆனா ஆயிரத்தைநூறு ரூவாய்க்கு உள்ள எடம்தான் கெடக்கு” என்றாள்.

ஷூ வாங்க மாமனாரும் வந்தார். கையோடு என் காலையும் கொண்டு வந்தார். எங்கள் பக்கத்தில் ஒருவருக்காக மற்றவர் செருப்பு வாங்கப் போனால், தென்னை ஈர்க்கை அவர் பாதத்தின் நீளத்துக்கு ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு போவது பழக்கம். துபாயில் இருக்கிற பிள்ளைகளுக்குக்கூட வீட்டிலிருந்து ஈர்க்குக் கட்டு போகும். அங்கிருந்து ஷூக்கள் வரும். மாமனார் தன் மூன்று பெண்களையும் ஈர்க்கை வைத்தே வளர்த்தவர். பஸ் ஏறுவதற்கு முன் என்னைச் சுவரோடு நிற்க வைத்து ஒன்று ஒடித்துச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் குத்திக்கொண்டார். நான்தான் கூட வருகிறேனே என்றேன். வாரும், அதுக்கென்ன என்றார்.

முதலில் நாகர்கோவிலில் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய கடைக்குப் போனோம். குளிரூட்டியிருந்தார்கள். விற்பனைப் பையன் மரியாதையாக, வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுவீர்கள் சார் என்று விசாரித்தான். இதுவரை மொத்தம் இரண்டு கிலோமீட்டரும் பதினைந்து நாற்காலியும் என்பதை எப்படிச் சொல்வது? தோராயமாக இருபது என்றேன். அவன் உடனே குதிகாலில் ஏதோ கூழ் அடைத்த ஷூ ஒன்றைக் கொண்டுவந்தான். போட்டுப் பார்த்தேன். மேகத்தின் மேல் நிற்பதுபோல் இருந்தது. விலையைப் பார்த்ததும் மேகம் கலைந்தது. என் முதல் சைக்கிளையும் இரண்டாவது சைக்கிளையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

அதற்குள் மாமனார் அந்த ஷூவின் இன்னொரு காலை எடுத்து ஈர்க்கை உள்ளே விட்டுவிட்டார். நுனி விரல் பக்கம் எங்கோ செருகிக்கொண்டது. இழுத்தார். ஒடிந்தது. பாதி வெளியே வந்தது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு நான் ஒரு ஜோடி ஷூ நாடா மட்டும் வாங்கிக்கொண்டு, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்த ஷூவை வாங்கின புண்ணியவான் யாரோ. அவ்வளவு பணம் கொடுத்தும் பெருவிரலில் ஏன் குத்துகிறது என்று எத்தனை மருத்துவர்களைப் பார்த்தாரோ.

ஷூ வாங்கும் முன்பே நாடா வந்துவிட்டது என்று மாமனார் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

வடசேரிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சந்துக்குள் சின்னக் கடை. கடைக்காரர் கடற்கரை ஊர்க்காரர்; அலைபோல ஏறி இறங்குகிற பேச்சு. வாங்க வந்தவனை விரட்டுவதுதான் தொழில் என்பதுபோல் பேசினார். இப்ப வாங்காண்டாம், சாயங்காலம் வாரும் என்றார். காலையில் உள்ள கால் வேறு, சாயங்காலம் உள்ள கால் வேறாம். நாள் முழுக்க நின்று வீங்கின காலுக்குத்தான் அளவெடுக்க வேண்டுமாம். ஓடும்போது போடுகிற சாக்ஸையும் கொண்டுவரச் சொன்னார். மாமனார் எடுத்து நீட்டின அரை ஈர்க்கைப் பார்த்துவிட்டு, “காலே கூட வந்திருக்கே, பின்ன இது எதுக்கு?” என்று கேட்டார். மாமனாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

இரண்டு காட்சி சினிமா நேரத்தைச் சந்தையில் கழித்துவிட்டு ஐந்து மணிக்குத் திரும்பிப் போனோம். கடைக்காரர் ஒரு ஷூவை எடுத்து, ஈரத்துண்டு பிழிவதுபோல் முறுக்கினார். இப்பிடி முறுக்கிட்டு வந்தா தொடப்படாது என்று தூர வைத்தார். இன்னொன்று முறுக்குக்கு இசையவில்லை. அதன் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டி, உம்ம காலுக்கு இங்கதான் தாங்கல் வேணும் என்றார். போட்டு நின்றபோது விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். இருந்தது. போன வருஷத்துச் சரக்கு. ஆயிரத்து நானூறுக்குத் தருகிறேன் என்றார். ஒரே ஒரு குறை, நிறம். கிளிப்பச்சை. அடியில் ஆரஞ்சு. நல்ல நிறமெல்லாம் விற்றுப்போய், மனிதர்கள் யாரும் தொடாமல் விட்ட ஜோடி அது.

நான் தயங்கினேன். மாமனார் பரவசப்பட்டார். இந்த நிறத்தைப் போட்டுக்கொண்டு எவன் துட்டி சொன்னாலும் ஊர் நம்பாது என்றார்.

ஓடிப் பார்க்காமல் வாங்கக்கூடாது என்று கடைக்காரர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். சந்தை முக்கு வரைக்கும் போய்வாரும், மாமா இங்க இரிக்கட்டு என்றார். ஓடினேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. வாழைக்காய்க் கடையைத் தாண்டும்போது எனக்கு இருபது வயது குறைந்துவிட்டது. கணுக்காலில் விலை அட்டை நூலில் ஆடிக்கொண்டு வந்ததை நான் கவனிக்கவில்லை. சுமை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் கவனித்தார். செருப்புக் கடையிலிருந்து விலை அட்டையோடு ஒருவன் ஓடினால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். பின்னால் “பிடிலே அவன” என்று கேட்டது. யாரை என்று திரும்பிப் பார்க்க நின்றேன். அதுதான் என் ஓட்ட வாழ்க்கையில் நான் செய்த பெரிய தவறு.

சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துக் கடைக்கு அழைத்து வந்தார். கூட இருபது பேர். கடைக்காரர் உள்ளே பெட்டி தேடப் போயிருந்தார். முன்னால் ஸ்டூலில் மாமனார் மட்டும்தான் இருந்தார்.

“பெரியவரே, இந்த ஆளத் தெரியுமா?”

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பச்சை ஷூவில் சற்று நேரம் பார்வையை நிறுத்தினார்.

“எங்கயோ கண்ட மாதிரி இருக்கு” என்றார்.

கடைக்காரர் வெளியே வருவதற்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். மாமனார் என்னைப் பழிவாங்க எடுத்துக்கொண்ட நேரம் அவ்வளவுதான். செத்துப் பிழைத்த மனிதருக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?

ஷூவை மாட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்த பிறகு ஒருவரும் என்னை நிறுத்தவில்லை. பச்சை தூரத்திலேயே தெரிந்தது. “சுகரு வருது” என்று பேசிக்கொள்வார்கள்; பார்த்துச் சிரித்து வழிவிடுவார்கள். ஆடிமாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து அடிக்கும்போது, மேற்கே பார்த்து ஓடினால் பத்து நிமிஷத்துக்கும் அதே மின்கம்பம் பக்கத்தில் நிற்கும். காற்றாலைக்காரர்கள் அந்தக் காற்றில் மின்சாரம் எடுத்தார்கள். நான் வியர்வை எடுத்தேன். முட்டி வலித்தது, பாதம் வலிக்கவில்லை. அந்த வகையில் கடைக்காரர் சொன்னது அத்தனையும் சரி. மாமனாரோ மூன்றாவது குழியைத் தினமும் துடைத்து வைத்தார்.

கெடு முடிய நாலு நாள் இருந்தது. ஓடி முடித்து வீட்டுக்குள் நுழைகிறேன், நடையில் அந்த ராசியான நாற்காலியில் மாமனார் சரிந்து கிடக்கிறார். சட்டை முழுக்க வியர்வை. ஊசியைக் குத்திக்கொண்டு, இட்லி வேகத் தாமதமான நேரத்தில், சாக்கடை அடைப்பைப் பற்றிப் பஞ்சாயத்துக்காரரோடு சண்டை போடத் தெருவுக்குப் போயிருக்கிறார். சர்க்கரை விழுந்துவிட்டது. நாக்கு குழறியது. மனைவி கருப்பட்டியைத் தட்டி அவர் வாய்க்குள் வைத்துக்கொண்டே, “ஆட்டோ கூப்பிடுங்கோ, வெக்கம்” என்றாள். வேகம் என்பதைப் பதற்றத்தில் அவள் அப்படித்தான் விழுங்கிச் சொல்வாள். போன் அடித்தேன், ஆட்டோக்காரர் எடுக்கவில்லை. மொபெட் சாவியைத் தேட வேண்டும் என்று தோன்றவே இல்லை. காலில் ஷூ இருந்தது. ஓடினேன்.

மூன்று மாதத்தில் அப்படி ஓடியதில்லை. எதிரே வந்தவர்களிடமெல்லாம் மாமாவுக்கு, மாமாவுக்கு என்று சொன்னேன். எல்லாரும் சிரித்து வழிவிட்டார்கள். உரக்கடைக்காரர் கடை திறந்துகொண்டிருந்தார். நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மாமாவுக்கு முடியல்ல, வண்டியை எடும் என்று முழு வாக்கியமாகவே சொன்னேன்.

அவர் என் காலைப் பார்த்தார்.

“ஒருமட்டம் கொன்னது போராதாவே?” என்றார். “கைய நல்லா வீசி ஓடும். இண்ணைக்கு நல்ல வேகம்.”

இதற்குத்தானே வாங்கினோம்? ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு அந்த ஷூ கொடுத்த வாக்கை அச்சுப் பிசகாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அவரைத் திட்டக்கூட மூச்சை வீணாக்காமல் ஓடினேன். மெயின் ரோட்டு ஆட்டோ ஸ்டாண்டில் இருந்த டிரைவரும் ஓட்டம் முடிஞ்சாச்சா சார் என்றுதான் கேட்டார். நான் பின்சீட்டில் போய் விழுந்தேன். ஓடுகிறவன் ஆட்டோவில் ஏறினான் என்றதும்தான் அந்த மனிதருக்கு ஏதோ விபரீதம் என்று புரிந்தது. வண்டியைக் கிளப்பிவிட்டுத்தான் எங்கே என்று கேட்டார்.

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றபோது மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. ஆட்டோவைப் பார்த்தார், அதற்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“நாற்காலி வரல்லியா?” என்றார்.

நான் வாசல்படியில் உட்கார்ந்தேன்.  அவர் என்னைப் பார்த்தார். தம்ளரில் மீதி இருந்த காப்பியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு சர்க்கரைக்காரனுக்குக் கருப்பட்டி ஆகாது என்று நினைவு வந்து திரும்ப இழுத்துக்கொண்டார்.

இருந்தாலும் அதே ஆட்டோவில் மருத்துவரிடம் போனோம். அவர் மாமனாரின் மருந்தளவைக் குறைத்தார். சாப்பிடாமல் குத்தினால் அடுத்த முறை நான் பொறுப்பில்லை என்று கடுமையாகச் சொன்னார். வெறும் வயிறுதானே, வந்ததுதான் வந்தீர்கள் என்று எனக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார். அந்த ஊசி குத்தும்போது மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். பார்க்காண்டாம், அங்க பாரும் என்று சுவரில் இருந்த காலண்டரைக் காட்டினார். மூன்று மாதமாகப் பார், பார் என்று கூப்பிட்ட மனிதர்.

சர்க்கரை இறங்கியிருந்தது. பெரிதாக இல்லை, கோட்டுக்குச் சற்றே கீழே. இப்போதைக்கு ஊசி வேண்டாம், இதேபோல் ஓடிக்கொண்டிருங்கள் என்றார் மருத்துவர்.

 வீட்டுக்கு வந்ததும் மாமனார் நேராகப் போய் பிரிட்ஜைத் திறந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நல்ல காரியம்தான்” என்றார், தட்டைப் பார்த்தபடி. “எடம் ஒழிச்சுப் போட்டிருந்தேன். அதான்.”

அந்த வாரமே என் மனைவி மூன்றாவது குழியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தாள். மறுநாள் ஏழு மணிக்கு அவர் வந்து போன பிறகு, பழம் நாலாவது குழியில் இருந்தது. அவள் திரும்ப மூன்றில் வைப்பாள். அவர் திரும்ப நாலுக்கு மாற்றுவார். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. நான் தினமும் விடிந்ததும் பச்சை ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்கு முன், பிரிட்ஜைத் திறந்து எலுமிச்சம்பழம் எந்தக் குழியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் போவேன்.